மற்றும் குடும்பத்தார்

கதை எழுதுகிறவர்களுக்குத் தென்காசியில் பஞ்சமே கிடையாது. "கொஞ்சம் சுருக்குங்கள்" என்று சொன்னதும் முகம் சுருங்காத ஓர் ஆளைத்தான் நான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் தொழில் அடுத்தவர் கதையை டைப் அடித்துத் திருத்திக் கொடுப்பது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் கடை. முன்னே இதோடு கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் செல்போனிலேயே பத்திரிகை அனுப்ப ஆரம்பித்ததும், நான் முழுசாகக் கதைப் பக்கமே நகர்ந்துவிட்டேன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பெயர். இரண்டுமே உண்மை.

கதை எழுதி மாட்டிக்கொண்ட என் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? கதையில் மொத்தம் இரண்டே வேலைதான். ஒன்று, ஆட்களை எதிரெதிரே நிறுத்திப் பேசவிட்டு நடத்திக் காட்டுவது. இன்னொன்று, "மூன்று மழைக்காலம் போனது" என்று சொல்லிக் கடத்துவது. எவனோ ஒரு புண்ணியவான் யூடியூபில் "காட்டு, சொல்லாதே" என்று கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து நம் ஜில்லாவில் எந்தக் கதாநாயகனும் பல் விளக்காமல் வெளியே கிளம்புவதில்லை. அந்தப் பல் விளக்கும் பக்கங்களை வெட்டுகிறவள் நான்.

மஞ்சள் பையில் ஆறு நோட்டு

செல்லத்துரை அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குனி வெயிலில் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஆறு நோட்டு, அறுநூற்று நாற்பது பக்கம். அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய நாவல். மதுரையில் ஒரு பதிப்பகத்தார், இருநூறு பக்கத்துக்குள் கொண்டுவந்தால் போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கதை என்று பேர்தானே தவிர, ஆட்களின் பெயர் மட்டும்தான் மாற்றம். அண்ணாச்சிக்கு ஒரே தம்பி, முருகேசன். சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன் எடுக்க மாட்டார். அண்ணன் ஒருதரம் நேரில் போனதற்குத் தம்பி பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். ஆனால் வடை மடித்த பேப்பரைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கசக்குவாராம். "நான் பேசினா காதுல வாங்க மாட்டான். புஸ்தகமா வந்தா படிப்பாம்மா. அதுக்குத்தான் எழுதுதேன்" என்றார். இந்த மனுஷரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கண்டக்டரை யார்தான் பார்த்திருக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் ஈவு இரக்கம் பாக்காம வெட்டுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தாராளமா வெட்டுங்கம்மா. உங்களுக்கு நல்லா சுருக்கத் தெரியும்னு எனக்கு முன்னமே தெரியும்."

ஒரு பஸ், நாற்பத்தெட்டுப் பக்கம்

முதல் அத்தியாயத்தில் அண்ணன்காரன் தம்பியைப் பார்க்கத் தென்காசியிலிருந்து சுரண்டைக்கு பஸ் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறுகிறான், நாற்பத்தெட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறான். பாவூர்சத்திரத்தில் யார் யார் ஏறினார்கள், கீழப்பாவூரில் யார் இறங்கினார்கள், எந்த ஜன்னல் கம்பி ஆடியது, யார் மடியில் கோழி இருந்தது, அத்தனையும் இருக்கிறது. எழுத்து மோசம் என்று சொல்ல மாட்டேன். கோழி பிரமாதமான கோழி. ஆனால் அந்தக் கோழிக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அண்ணாச்சி, பிரயாணத்துல இவன் மனசு மாறுதா? திரும்பிப் போயிரலாம்னு ஒரு இடத்துலயாவது எந்திரிக்கானா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்ப எதுக்கு நான் இவன்கூட இவ்வளவு தூரம் வரணும்?" என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'சுரண்டையில் இறங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.' வெயில், கூட்டம், நேரம், பயம் எல்லாம் அந்தச் சட்டையில் வந்துவிட்டது பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கும் அந்த வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அண்ணாச்சி அந்த வரியை மூன்று தடவை படித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் டிக்கெட் எடுத்தானான்னு ஒரு வார்த்தை போட்டுருங்கம்மா."

என்ன சேலை?

எல்லாரும் நீட்டுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருவேங்கடம் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நிலம் அளக்கிற சர்வே வேலையில் காலமெல்லாம் இருந்தவர். மூன்று தலைமுறைக் கதையை இருபத்திரண்டே பக்கத்தில் முடித்திருந்தார். 'வடக்கு வீடு எரிந்தது. மூத்தவர் காலமானார். இளைய மகள் ஓடிப்போனாள். கிணறு வற்றியது.' படிக்கப் படிக்க எனக்கு மூச்சு முட்டியது. யார் செத்தால் என்ன, எது எரிந்தால் என்ன, எல்லாம் ஒரே நீளம்.

சொல்லிக் கடத்துவது என்றால் எல்லாவற்றையும் கடத்திவிடுவதா? ஓடிப்போன ராத்திரியைக் கடத்திவிட்டு, கிணறு வற்றின நாலு வருடத்தைக் காட்டினால் யாருக்கு என்ன லாபம்? அந்தக் குடும்பம் திசை திரும்பின இடமே அந்தப் பெண் வாசல் தாண்டின இடம்தான். அங்கே வண்டியை நிறுத்த வேண்டாமா? "சார், அவ எந்தக் கதவு வழியாப் போனா? கையில என்ன இருந்துச்சு? என்ன சேலை உடுத்தியிருந்தா? அதையாவது எழுதுங்க" என்றேன்.

மனுஷர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடிப்போனவள விரட்டிப் பிடிச்சு என்ன சேலைன்னு கேக்கச் சொல்லுதியளா மேடம்?"

ஏழாம் நம்பர் பெட்

வாசுதேவநல்லூர்ப் பெண் பிரிசில்லா, தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். செல்போன் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறாள். கதையில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை எட்டு வாரமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். வாசகிகள் எல்லாரும் சேர்ந்து திட்டியதில், அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "இந்த ரெண்டு மாச டீயையும் சுருக்கிச் சொல்லிட்டு நிச்சயதார்த்தச் சண்டைக்குப் போ" என்றேன். "சுருக்கினா உயிர் போயிரும்லாக்கா?" என்றாள்.

நான் கேட்டேன்: "ஏட்டி, டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட என்ன சொல்லுவ?" பட்டென்று சொன்னாள்: "ஏழாம் நம்பர் பெட் ராத்திரி பூரா கண்ணே மூடல. மக வந்தாளான்னு நாலு தடவ கேட்டாரு. விடியக்காலம் கஞ்சி வாங்கிக் குடிச்சிட்டாரு." நான் கையைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டு மணி நேரத்தை மூன்று வரியில் சொல்லிவிட்டாள்; எனக்கு அந்த ஏழாம் நம்பர் மனுஷனைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. டெம்பரேச்சர், மாத்திரை, கொசு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மகளையும் கஞ்சியையும் எடுத்தாளே, அதுதான் சுருக்கம். எதை விடுகிறோம் என்பதைவிட எதை விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு சுளுவாகச் சொல்லித்தரவில்லை.

பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைப் பிளந்தாள். "இவ்வளவுதானாக்கா? இத நான் தெனமும் செய்யுதேனே!"

ஒன்றும் நடக்காத பதினோரு வருடம்

மறுபடி செல்லத்துரை அண்ணாச்சி. ஐந்தாவது நோட்டில் ஒரு வரி: 'ஒரு கல்யாணத்தில் மனக்கசப்பு வந்தது.' அடுத்த வரி: 'அதன் பிறகு பதினோரு வருடம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.' அடுத்த அத்தியாயம்! அட கடவுளே, கோழிக்கு இரண்டு பக்கம், கதையின் உயிருக்கு இரண்டு வரியா? "இந்த ரெண்டு வரியும் ஓட்டை அண்ணாச்சி. தம்பி படிச்சா இங்கனதான் புஸ்தகத்த மூடுவாரு. முதல்ல இந்தப் பதினோரு வருசத்த எழுதுங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தார். ஐந்து காட்சி எழுதியிருந்தார். சந்தையில் சண்டை, சாவு வீட்டில் சண்டை, தம்பி கை ஓங்குகிறான், அண்ணன் அழுகிறான். வசனம் எல்லாம் நாடகத்தில் மைக் முன்னால் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. "இதெல்லாம் நடந்துச்சா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு "இல்ல" என்றார். "அப்ப பொய்யி. தம்பிக்குத் தெரியாதா இது பொய்யின்னு?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. "பதினோரு வருசத்துல உண்மையிலேயே என்னதான் நடந்துச்சு, அதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார். "ஒண்ணும் நடக்கலம்மா. அதுதான் நடந்துச்சு."

இரண்டு பை மங்குஸ்தான்

ஆனி பிறந்து, முதல் சாரல் விழுந்ததும் குற்றாலம் போகாவிட்டால் எனக்கு உடம்பு கேட்காது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறேன், பழக்கடை வாசலில் அண்ணாச்சி நிற்கிறார். கையில் இரண்டு பை மங்குஸ்தான், இரண்டும் ஒரே கனம். அவர் வீட்டில் அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான். "விருந்தாளி வாராவளா?" என்று கேட்டேன். அசடு வழியச் சிரித்தார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்த்திவைத்துத் துருவி எடுத்துவிட்டேன்.

தம்பிக்கு மங்குஸ்தான் என்றால் உயிராம். சின்ன வயதில் ஓட்டோடு கடித்து வாயெல்லாம் கறையாக்கிக்கொள்வாராம். அதனால் பேச்சு நின்ற பிறகும் ஒவ்வொரு சாரலுக்கும் அண்ணாச்சி இரண்டு பை வாங்குகிறார். தென்காசியில் இறங்கி, சுரண்டை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், ஏறி உட்காருகிறார். கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரம் பார்த்து, பையைப் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார். எந்தச் சுரண்டைக்காரனாவது தின்னட்டும் என்று. அந்த வருடத்தையும் சேர்த்துப் பதினோரு பை! அப்போதுதான் எனக்கு அந்த நாற்பத்தெட்டுப் பக்கம் புரிந்தது. விசில் ஊதுவதற்கு முன்னால் இறங்கிவிடுகிற மனுஷன், மறுபடி போக முடியாத பாதையை நோட்டிலாவது போய்ப் பார்த்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பக்கங்களை வெட்டியது சரிதான். இடம் மாறிப் போய் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

"இதத்தான் எழுதணும் அண்ணாச்சி. ஆனா இந்த வருசப் பைய மட்டும் எழுதாதிய. அது ஒரு நாள் கூத்து மாதிரி ஆயிரும். 'ஒவ்வொரு சாரலுக்கும்'னு ஆரம்பிங்க. அரைப் பக்கம் போதும்" என்றேன். இப்படித்தான் வந்தது: 'ஒவ்வொரு சாரலுக்கும் இரண்டு பை வாங்கினான். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சுரண்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு. வாங்கிக்கொண்டவர்களில் ஒரு டீச்சர் இருந்தார், ஒரு கொத்தனார் இருந்தார், ஒரு வருடம் ஒரு போலீஸ்காரர்கூட இருந்தார். தம்பி மட்டும் இல்லை.' பதினோரு வருடமும் அதில் இருந்தது. ஐந்து பொய்ச் சண்டையும் குப்பைக்குப் போயின.

எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "இதப் படிச்சா அவன் என்னைப் புத்தி பெசகின கோட்டிக்காரன்னுல்லா நெனப்பான்?"

மற்றும்

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. 'ஒரு கல்யாணத்தில் மனக்கசப்பு வந்தது.' என்ன கல்யாணம், என்ன கசப்பு? இங்கேதான் கதை உடைகிறது, இதைச் சொல்லிக் கடத்தக் கூடாது, நடத்திக் காட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அண்ணாச்சியோ வாரா வாரம் சாக்குச் சொன்னார். கடைசியில் ஒரு நாள் நாலு தாளைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை, அவர் மகளுடையது.

நாலு தாளில் இருந்தது இதுதான். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே போட இருபத்து மூன்று பேர் கொண்ட பட்டியல் எழுதிக் கொடுத்தார் அண்ணன். மாமன், மச்சான், சம்பந்தக்காரர்கள் எல்லாரும் முதலில். கூடப் பிறந்த தம்பி நம் வீட்டு ஆள்தானே, அவனுக்கு என்ன மரியாதை, கடைசியில் போட்டால் போதும் என்று முருகேசன் பெயர் கடைசியில். அட்டையில் இடம் போதவில்லை. அச்சுக்கடைப் பெண் இருபதாவது பெயரோடு நிறுத்தி, மீதியைச் சுருக்கி 'மற்றும் குடும்பத்தார்' என்று போட்டுவிட்டாள். பத்திரிகையை வாங்கிப் படித்த தம்பி, எதையும் விடாமல் படிக்கிற தம்பி, "நான் மற்றுமா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு வரவில்லை.

பத்திரிகையைத் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் என் கடைப் பெயர். அடுத்தவர் கதையை எல்லாம் வெட்டத் தெரிந்தவள் என்று இருபது வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேனே, அந்தக் கத்தரியால் ஒரு வீட்டையே வெட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது. "அண்ணாச்சி, இது நான்தான். உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன். "தெரியாமலா இந்த மாடி ஏறி வந்தேன்?" என்று சிரித்தார். திட்டவாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன்.

"எதுக்கும்மா திட்டணும்? முகூர்த்த நேரம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு, புரூப்ல கையெழுத்துப் போட்டது நான்தானே. சுருக்கின கையாலயே விரிச்சுக் குடுக்கட்டும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

உரக்கடை

அதன் பிறகு புத்தகம் அச்சாகி வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் என் மேசையில் அந்தப் பத்திரிகை கண்ணில் படும்படி நின்றது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பக்கம். கல்யாணப் பத்திரிகைக் காட்சி முழுசாக இருந்தது. முதல் தாளில் ஒரே ஒரு பெயர்: முருகேசனுக்கு. நன்றிப் பக்கத்தில் 'மற்றும்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குச் சுரண்டை போகத் தைரியம் வரவில்லை. இது என் பாவம், நானே கொண்டுபோகிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். இறங்கியபோது என் முதுகும் நனைந்துதான் இருந்தது.

கடையில் புத்தகத்தை நீட்டினேன். அட்டையில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் முருகேசன் அண்ணாச்சி எழுந்து பின்வாசல் பக்கம் திரும்பினார். "பின்வாசல் வழியாப் போனாலும் அங்கனயும் வருவேன். முதல் தாளையாவது பாத்துட்டுப் போங்க" என்று சத்தமாகவே சொன்னேன். நின்றார். முதல் தாளைப் பார்த்தார். அப்புறம் யூரியா மூட்டையில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தார். உரம் வாங்க வந்தவர்களைக் கையமர்த்தினார். மூன்று மணி நேரம் ஆனது. பத்திரிகைக் காட்சியில் அவர் நிமிர்ந்தபோது, "அந்த அச்சுக்கடைப் பொம்பள நான்தான் அண்ணாச்சி. இடம் பத்தலன்னு உங்க பேரை எடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் தாளைப் புரட்டினார். மங்குஸ்தான் பக்கத்துக்கு வந்தார். அந்த அரைப் பக்கத்தை இரண்டு தடவை, மூன்று தடவை படித்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

புத்தகத்தை மூடிக் கல்லாவுக்குள் வைத்தார். "குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிட்டுல்லா?" என்றார். நேற்றுத்தான் என்றேன். "அப்ப அண்ணன்கிட்ட சொல்லுங்க. இந்த வருசப் பைய எந்தச் சுரண்டைக்காரன் மடியிலயும் வைக்க வேண்டாம், நானே வந்து வாங்கிக்கிடுதேன். இத அப்படியே சொல்லணும், கேட்டியளா? சுருக்கிராதிய!"

ஆக, சகபாவிகளே, பஸ்ஸை ஒரே வரியில் சுரண்டையில் கொண்டுபோய் நிறுத்துங்கள், பதினோரு வருடத்தை அரைப் பக்கத்தில் கடத்துங்கள், எட்டு வாரத்து டீயை ஒரே மடக்கில் குடிக்கவையுங்கள், ஆனால் கூடப் பிறந்தவனை மட்டும் 'மற்றும்' என்று போட்டுவிடாதீர்கள்.